ப்ரீ-மெட் என்றால் இலவசம் இல்லை

1

இன்று காலை மிச்சிகனில் வாசல் பனியை வழித்துக்கொண்டிருந்தபோது ஆம்பூரிலிருந்து ஒரு முழங்கால் வந்தது. முழங்காலின் எக்ஸ்ரே. கூடவே சாமுவேல் சித்தப்பாவின் குரல் பதிவு.

"ஜெபா, இது நம்ம சபை மூப்பரோட முட்டி. ரூத்து டாக்டரம்மாகிட்ட காட்டு. ஆபரேசன் வேணுமா, தைலமே போதுமான்னு கேட்டுச் சொல்லு. நான் டாக்டர் இல்லன்னுதான் சொல்லும். நீ விடாத. அவசரம் ஒண்ணும் இல்ல, சாயங்காலத்துக்குள்ள சொன்னா போதும்."

என் மகள் ரூத் டாக்டர் இல்லை. டாக்டருக்குப் படிக்கவும் இல்லை. டாக்டருக்குப் படிக்க இடம் கேட்டு மனுப் போட்டிருக்கிறாள், அதுவும் இரண்டாவது தடவை. போன தடவை எல்லாக் கல்லூரிகளும் மிக இனிமையாக, கை குலுக்குவது போன்ற ஆங்கிலத்தில், வேண்டாம் என்று எழுதிவிட்டன. இந்தத் தடவை ஓர் இடத்தில் நேர்காணல் வரைக்கும் போய் வந்திருக்கிறாள். பதில் வரவில்லை. வீட்டில் யாருடைய கைபேசி சிணுங்கினாலும் மூன்று பேரும் பாய்கிறோம். இன்று பாய்ந்து எடுத்தால் மூப்பரின் முட்டி.

அவள் டாக்டர் என்று ஆம்பூர் ஏன் நம்புகிறது என்பதைச் சொல்கிறேன். காரணம் ஒரே ஓர் எழுத்துப் பிசகு. வாய் என்னுடையது, காது சித்தப்பாவுடையது.

2

அமெரிக்காவில் பிளஸ் டூ முடித்தவுடன் எம்.பி.பி.எஸ். சேர முடியாது. முதலில் வேறொரு பட்டம், நான்கு வருடம். அதற்குள்ளே உயிரியலும் வேதியியலும் படித்துக்கொண்டு, பின்னால் மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போடப்போகிற பிள்ளைகளுக்கு 'ப்ரீ-மெட்', அதாவது மருத்துவத்துக்கு முந்தியவர்கள், என்று பெயர். அது பட்டம் இல்லை, பதவி இல்லை. கல்யாண மண்டபத்தில் பந்திக்கு வெளியே நிற்பவருக்கு 'முன்-சாப்பாட்டாளர்' என்று பேர் வைத்தால் எப்படியோ, அப்படி.

ரூத் கல்லூரியில் சேர்ந்த புதிதில் சித்தப்பா போன் செய்தார். "பொண்ணு இன்னா படிக்குது?"

"ப்ரீ-மெட் சித்தப்பா."

அந்தப் பக்கம் வாசல் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சுத்தமா ப்ரீயாவா? ஒரு பைசா கூட வாங்கலியா?" என்றார்.

எனக்கு உறைக்கவே சில நொடிகள் ஆயின. நம் ஊரில் சோப்புக்கு டப்பா ப்ரீ, பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் ப்ரீ. எனவே அமெரிக்காவில் ஜெபராஜ் மகளுக்கு மெடிக்கல் ப்ரீ. நான் பதறிக்கொண்டு, "ஐயோ அது இல்ல சித்தப்பா, அதுக்கு முன்னாடி படிக்கிறது. சீட்டு இன்னும் கெடைக்கவே இல்ல" என்றேன்.

"சரிடா சரிடா," என்றார். "நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஸ்தோத்திரம் ஏறெடுக்கப்பட்டது. அமெரிக்க தேசத்திலே கட்டணமின்றி மருத்துவம் பயிலக் கிருபை பெற்ற மகளுக்காக. நான் போன் போட்டுப் போட்டு மறுத்தேன். மறுக்க மறுக்கச் செய்தி இறுகியது. கண் பட்டுவிடும் என்று மறைக்கிறான் என்றார்கள் பாதிப் பேர். ஏதோ கோட்டாவில் தில்லுமுல்லு செய்து வாங்கியிருக்கிறான், அதான் அடக்கி வாசிக்கிறான் என்றார்கள் மீதிப் பேர். உண்மையைச் சொல்லி இவ்வளவு சந்தேகத்துக்கு ஆளானவன் எங்கள் தெருவில் நான்தான் முதல்.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. நானே பிழைப்புக்காகச் சந்தேகப்படுகிற ஆள். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் செலக்டராக இருந்தேன். தோலை மேசையில் விரித்து, உண்ணி கடித்த தழும்பு எங்கே, கத்தி பட்ட கீறல் எங்கே என்று தேடி, இது முதல் ரகம், இது கழிசல் என்று பிரிக்கிற வேலை. நல்ல தோலைக் கண்டால் செலக்டருக்கு சந்தோஷம் வராது. இதில் எதையோ ஒளித்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். வேலூரில் நர்ஸிங் படித்த என் மனைவி எஸ்தருக்கு இங்கே வேலை கிடைத்தபோது அவளுடைய சாமான்களில் ஒன்றாக நானும் வந்து இறங்கினேன். இப்போது கார் சீட்டுத் தோல் செய்கிற கம்பெனியில் அதே வேலை. ஊர்தான் மாறியது. பார்வை கழிசல் பார்வைதான்.

3

எல்லாக் கல்லூரிகளும் வேண்டாம் என்ற பிறகு, ரூத் தன் பழைய கல்லூரியின் ஆலோசகர் அம்மாவோடு கணினித் திரையில் பேசினாள். நான் அடுப்படியில் நின்று கேட்டேன். ஒட்டுக்கேட்டேன் என்று எஸ்தர் சொல்வாள். வெங்காயம் உரிக்கிறவனுக்குக் காது இருக்கக் கூடாதா?

"மனுவை வலுப்படுத்தலாம்" என்றாள் அந்த அம்மாள்.

நான் வெங்காயத்தைக் கீழே வைத்தேன். நம் ஊரில் 'கேசை ஸ்ட்ராங் பண்ணணும்' என்று வக்கீல் சொன்னால், அவருக்கு இன்னும் பீஸ் வேண்டும் என்று அர்த்தம். யாருக்கு எவ்வளவு என்று ஜாடையாகச் சொல்கிறாளோ என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மதிப்பெண் பிரமாதம், ஆய்வுக்கூட வேலையும் நன்று, ஆனால் நோயாளிகளின் பக்கத்தில் இருந்த அனுபவம் போதாது, டாக்டர் வேலையை அருகிலிருந்து பார்த்திருக்க வேண்டும் என்றாள். அவ்வளவுதான். இவ்வளவு சுலபமாகவா ஒருத்தி உண்மையைச் சொல்வாள் என்று எனக்குச் சந்தேகம் கூடியது.

"இங்கேயே முதியோர் விடுதி ஒண்ணுல உதவிக்கு வரேன்னு கேட்டிருக்கேன் டாடி," என்றாள் ரூத். "எடுத்துக்குவாங்க. கொஞ்சம் நாளாகும்."

"நாளாகுமா? ஆம்பூர்ல நசீர் இருக்கான். என் கிளாஸ்மேட். சொந்த கிளினிக். நாளைக்கே உள்ள போலாம்."

ஆலோசகர் அம்மாளிடம் ரூத் இதையும் கேட்டிருக்கிறாள். போகலாம், ஆனால் இங்கே செய்ய அனுமதி இல்லாத எதையும் அங்கே செய்யாதே, பார்ப்பதோடு நிறுத்திக்கொள், படிக்காத கையால் நோயாளியைத் தொட்டு வைத்தியம் செய்ததாகத் தெரிந்தால் மனுவே கெட்டுப்போகும் என்று பதில் வந்தது. ரூத் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். எனக்கு அது பொறாமையாகப் பட்டது. ஆம்பூரில் ஒரு நசீர் இருப்பது அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

இந்த இடத்தில் என் பெரிய சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச காலமாக ரூத் நான் உள்ளே வந்தால் மடிக்கணினியை மூடினாள். சாப்பாட்டில் பேச்சைக் குறைத்தாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில், நான் ஆங்கிலத்தில் கேட்டால் தலையாட்டலில் பதில் சொன்னாள். பெண்ணுக்கு டாக்டர் ஆகவே விருப்பமில்லையோ? எங்களுக்காகத்தான் மனுப் போட்டாளோ? போன தடவை வேண்டுமென்றே கோட்டை விட்டாளோ?

நேராகக் கேட்டுவிடலாம்தான். கேட்டால் பதில் வருமே என்ற பயம். அதனால் விமான டிக்கெட் எடுத்தேன்.

4

நசீரின் கிளினிக் பைபாஸ் ஓரத்தில் இருக்கிறது. கீழே கிளினிக், மேலே வீடு. கோடை வெயிலில் நாங்கள் ஆட்டோவை விட்டு இறங்கியபோது அவனே வாசலுக்கு வந்தான். கையில் ஒரு வெள்ளைக் கோட்டு, புத்தம் புதிது.

"வா பேட்டி," என்று அவள் தோளில் போட்டான். "உனக்குன்னு தைக்கச் சொன்னேன்."

ரூத் என் காதருகே குனிந்து, "வந்த உடனே இன்டர்வியூவா டாடி?" என்றாள். மிச்சிகனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பேட்டி என்றால் நேர்காணல் என்று மனப்பாடம் செய்தவள். உருதுவில் பேட்டி என்றால் மகளே என்று அர்த்தம் என்பதை விளக்கினேன். அவள் முகம் தெளிந்தது. எனக்குத் தெளியவில்லை. கோட்டு எதற்கு?

"டேய் நசீர், அவ இன்னும் மெடிக்கல் சேரல. சும்மா பாக்கத்தான் வந்திருக்கா."

"உங்க சித்தப்பா எல்லாம் சொல்லிட்டாரு. என்கிட்டயே ஏன்டா மறைக்கிற? நான் இன்னா உன் பொண்ணு சீட்டைப் புடுங்கிக்கப் போறனா?"

"மறைக்கலடா."

"சரி, மறைக்கல. டீ சாப்புடு."

ரூத் கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். அதைப் போடாததால் ஏசி இல்லாத அறையிலும் நசீர் ஏசி போட்டது போல் முகத்தை உறைய வைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் மரியாதைக்காகப் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து கூட்டம் அதிகமானது. அமெரிக்கா டாக்டர் வந்திருக்கிறார் என்று வாணியம்பாடியிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் ஆள் வந்தார்கள். அவர்கள் அவளிடம் நாக்கை நீட்டினார்கள். அவள் நசீர் பக்கம் கையைக் காட்டினாள். ஜாடை காட்டிப் பெரிய டாக்டரிடம் அனுப்புகிறாள், சின்ன வியாதி எல்லாம் பார்க்க மாட்டாளாம் என்று பேச்சு கிளம்பியது.

அவள் தமிழும் அதற்குத் தோதாக இருந்தது. நசீர் ஒரு பெரியவரின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து, "பேட்டி, நல்லா இழுத்து விடச் சொல்லு" என்றான். காது கேட்காத பெரியவர். ரூத் அவர் முன்னால் குனிந்து, மிகப் பணிவாக, உரக்கச் சொன்னாள்.

"தாத்தா, மூச்சை விட்டுடுங்க."

நசீர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தான். பெரியவர் அவளை அன்போடு பார்த்தார்.

"அதுக்குத்தாம்மா இத்தினி வருசமா காத்துனு கீறேன். எங்க வுடுது?"

நசீர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான். ரூத் என்ன தப்பு என்று என்னிடம் கேட்டாள், சொன்னேன். சிவந்துபோய், மறுபடி அவரிடம் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தான் மூச்சை இழுத்து விட்டுக் காட்டினாள். அவரும் பார்த்து அப்படியே செய்தார். மருந்து எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதைப் பெரியவர் திருப்பிச் சொல்லும் வரை அவள் எழுந்திருக்கவே இல்லை. சந்தேகம் வந்தபோதெல்லாம் நசீரிடம் ஓடி ஓடிக் கேட்டாள். வெளியே டோக்கன் வைத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

எனக்கோ பேஜாராக இருந்தது. இதெல்லாம் எந்த மனுவில் எடுபடும்? நாற்காலி இழுத்துப் போட்டாள் என்று எழுதினால் எந்தக் கல்லூரி மயங்கும்? கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று தவித்தேன். அது வந்தது.

5

தேவராஜ் என்பவர் டேனரியில் வேலை செய்பவர். தோலைச் சீவுகிற மிஷினில் உள்ளங்கை கிழிந்து வந்தார். நசீர் தையல் போட்டு முடித்தான். மிச்சம் இருந்தது டெட்டனஸ் வராமல் இருக்கப் போடும் டி.டி. ஊசி மட்டும். நசீர் மருந்தை ஏற்றி, ஊசியை ரூத்திடம் நீட்டினான்.

"நீ போடு பேட்டி."

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். கைபேசியில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. என் விரல் எப்போது அதை அழுத்தியது என்று எனக்கே தெரியாது. அந்த விரல் என்னைவிட வேகமாக ஆசைப்படும்.

ரூத் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் போட மாட்டேன் அங்கிள்."

"பயப்படாத. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

"போடட்டும் டாக்டர்," என்றார் தேவராஜ், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே. "அமெரிக்கா கை படட்டும். ஊர்ல சொல்லிக்குவேன்."

"ரூத், ஒரே ஒரு ஊசிம்மா," என்றேன் நான், கைபேசிக்குப் பின்னாலிருந்து.

அவள் என்னைப் பார்த்தாள். என்னைக்கூட இல்லை, கைபேசியைப் பார்த்தாள்.

"அவருக்குத் தெரியாது டாடி."

"இன்னா தெரியாது?"

"நான் யாருன்னு."

கோட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். தேவராஜ் முன்னால் போய் நின்றாள். அவளுடைய தமிழ் அன்றைக்கு ஒரு தப்புக்கூடச் செய்யவில்லை. செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அண்ணே, நான் டாக்டர் இல்ல. டாக்டருக்குப் படிக்கவும் இல்ல. போன வருசம் எடம் கேட்டேன். எல்லா காலேஜும் வேணாம்னு சொல்லிட்டாங்க."

கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நம் ஜனங்கள் பேச்சை நிறுத்துவது அபூர்வம்.

"எல்லாருமேவா?" என்றார் தேவராஜ்.

"எல்லாருமே."

"அடப் பாவிங்களா." அவர் தையல் போட்ட கையை மறந்து அசைத்துவிட்டு முகம் சுளித்தார். பிறகு, "என் தங்கச்சி பையன் நீட்டு ரெண்டு தபா எழுதிட்டாம்மா. கெடைக்கல. மறுபடியும் கோச்சிங் போறான். நீயும் இன்னொரு தபா கேளு. கேக்குறதுல இன்னா கீது?" என்றார். நசீர் பக்கம் திரும்பினார். "டாக்டர், அப்ப நீங்களே போட்டுடுங்க. மெதுவா."

நசீர் போட்டான். என் வீடியோவில் அது முழுவதும் பதிவாகியிருந்தது. மனுவுக்கு ஆகாத வீடியோ உலகத்திலேயே அதுதான்.

செய்தி சாயங்காலத்துக்குள் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டது. போகும் வழியில் வடிவம் மாறிவிட்டது. "இன்னா அடக்கம்டா அந்தப் பொண்ணுக்கு," என்று சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டரா இருந்துனே டாக்டர் இல்லன்னு சொல்லுது." மூப்பரும் தலையாட்டினார். அப்போதே ஒரு காலை நொண்டிக்கொண்டுதான் இருந்தார்.

6

அன்று கிளினிக்கிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது நான் பொரிந்து தள்ளினேன்.

"நீ வேணும்னே பண்ற. அவ்ளோ பேரு முன்னாடி எல்லா காலேஜும் துரத்திட்டாங்கன்னு சொல்லணுமா? ஊசி போட பயம்னா பயம்னு சொல்லிட்டுப் போயேன்."

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலாற்றுப் பாலம் வந்தது, போனது. மடிக்கணினியை மூடுவது போல் முகத்தை மூடிக்கொண்டாள். என் சந்தேகம் அங்கே உறுதிப்பட்டது. பெண்ணுக்கு இதில் இஷ்டமே இல்லை. கையில் கொடுத்த ஊசியை வாங்காதவள் நாளைக்கு எதை வாங்கப் போகிறாள்? எஸ்தருக்குப் போன் செய்து சொன்னேன். அவள், "வாங்காம இருந்தாளா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "நல்லது" என்று வைத்துவிட்டாள். நர்ஸுகளோடு ஒரு விஷயத்தை வாதாடவே முடியாது.

கிளம்புகிற வாரம் நசீர் மாடியிலிருந்து ஒரு கடிதத்தோடு இறங்கி வந்தான். சிபாரிசுக் கடிதம். ரூத் ஊசியை வாங்காததில் வந்த கோபமெல்லாம் எப்போதோ ஆறிவிட்டிருந்தது. எங்களுக்கு முன்னால் வாசித்துக் காட்டினான். இந்த மாணவி நூற்றுக்கணக்கான நோயாளிகளைத் தன்னந்தனியாகக் கவனித்தார், சிறு அறுவை சிகிச்சைகளில் எனக்கு வலக்கையாக இருந்தார், இவர் இல்லாவிட்டால் இந்தக் கிளினிக் என்ன ஆகியிருக்குமோ. எனக்குக் கண் கலங்கியது. சீவி, மெருகேற்றி, பளபளவென்று அச்சுப் போட்ட தோல் போல இருந்தது.

"அங்கிள்," என்றாள் ரூத். "கொஞ்சம் கம்மி பண்ண முடியுமா?"

நசீர் கண்ணாடியைக் கழற்றினான். "இன்னா கம்மி பண்ணணும்?"

"பாதிக்கு மேல."

"ஜெபா," என்றான் என்னிடம், "ஜாஸ்தியா எழுதுங்கன்னு கேக்குறவங்களைத்தான் இத்தினி வருசமா பாத்துனு இருக்கேன். கம்மியா எழுதச் சொல்ற ஆளு உன் பொண்ணுதான்டா." பிறகு அவன் குரலில் ஒரு சுருக்கம் விழுந்தது. "ஆம்பூர் டாக்டர் லெட்டர்னா அங்க கேவலமா பேட்டி? அதனால வேணாமா?"

"ஐயோ இல்ல அங்கிள். இது என்னைவிடப் பெருசா இருக்கு. அங்க ஒருத்தர் இதைப் படிச்சிட்டு, படிக்காத பொண்ணைத் தனியா வைத்தியம் பாக்க விட்டாங்களான்னு கேட்டா, என் பேரு மட்டும் இல்ல, உங்க பேரும்தானே கெடும்?"

நசீருக்கு அது தைத்தது. நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சரி, நீயே சொல்லு. இங்க நீ இன்னாதான் பண்ண?"

"பாத்தேன்."

"அப்புறம்?"

"நாற்காலி எடுத்துப் போட்டேன். நீங்க சொன்னது அவங்களுக்குப் புரியலன்னா உங்ககிட்ட வந்து மறுபடி கேட்டேன்."

"அது வாஸ்தவம். ஒரே ஆளுக்கு அஞ்சு வாட்டி வந்து கேட்டு என் உசுர எடுத்த."

"அதை எழுதுங்க அங்கிள்."

"உசுர எடுத்தாள்னா?"

"ஆமா."

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். கடைசியில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தான். ஊசி, அறுவை சிகிச்சை, வலக்கை எதுவும் அதில் இல்லை. நோயாளிக்கு விளங்கும்வரை இந்தப் பெண் டாக்டரை விடமாட்டாள், அது சில நாள் எனக்கு எரிச்சலாக இருந்தது, பிறகு நானே ஒரு தடவை அதிகமாக விளக்க ஆரம்பித்தேன் என்று இருந்தது. எனக்கு அது புகாரா பாராட்டா என்றே தெரியவில்லை. செலக்டர் கண்ணுக்கு முழுக்கத் தழும்பு.

7

மிச்சிகன் திரும்பியதும் அவள் முதியோர் விடுதியிலும் சேர்ந்தாள், மனுவையும் அனுப்பினாள். நான் பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டால் காட்டிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. பல இடங்களிலிருந்து மறுபடி இனிமையான கைகுலுக்கல்கள் வந்தன. ஓர் இடத்திலிருந்து, வாருங்கள், பேசலாம் என்று வந்தது. அந்தக் கடிதத்தை அனுப்பியவர் உண்மையான ஆள்தானா, ஆன்லைன் மோசடியா என்று நான் அரை நாள் துப்பறிந்தேன். உண்மைதான். அதுவும் எனக்கு நல்லதாகப் படவில்லை.

போன வாரம் நான்தான் காரில் கூட்டிப்போனேன். பெற்றோர் கட்டிடத்துக்குள் வரக் கூடாது. கார் நிறுத்துமிடத்தில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வண்டியில் ஒரு சீனத்து அப்பா. அவரும் என்னைப் போலவே, எந்த ஜன்னலில் தம் பிள்ளை இருக்கும் என்று கட்டிடத்தை மாடி மாடியாக எடை போட்டுக்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டோம். போட்டியாளர் அப்பனிடம் அதற்கு மேல் சிநேகம் வைத்துக்கொள்ள எனக்குத் துணிவு வரவில்லை.

ரூத் வந்து ஏறினாள். கோட்டு சூட்டில் யாரோ மாதிரி இருந்தாள்.

"இன்னா கேட்டாங்க?"

"ஆம்பூர் பத்திதான் நெறைய கேட்டாங்க. ஊசி போடச் சொல்லி யாராவது குடுத்தாங்களான்னு கேட்டாங்க."

நான் அவள் பக்கம் முழுசாகத் திரும்பினேன். "அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது டாடி. வெளிநாடு போய்ட்டு வந்த எல்லார்கிட்டயும் கேப்பாங்கன்னு நெனைக்கிறேன். குடுத்தாங்க, வாங்கலன்னு சொன்னேன். ஏன்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"பயமா இருந்துச்சுன்னு சொன்னேன்."

நான் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டேன். "பயம்னா? இன்டர்வியூல யாராவது பயம்னு சொல்வாங்களா? கொள்கை, நேர்மை, நோயாளி உரிமைன்னு எவ்ளோ கீது."

"அதெல்லாம் அப்புறம் யோசிச்சது. அந்த நேரத்துல பயமாத்தான் இருந்துச்சு. அவருக்கு வலிச்சா, ஏதாவது ஆச்சுன்னா, அவர் யாரை நம்பிக் கையை நீட்டினாரோ அது நான் இல்லையேன்னு பயம்."

"அதுக்கு அவங்க?"

"எழுதிக்கிட்டாங்க. முகத்துல ஒண்ணும் தெரியல."

சீனத்து அப்பாவின் பிள்ளையும் வந்துவிட்டான். அவர்கள் வண்டி கிளம்பிப் போனது. நாங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

"டாடி," என்றாள், "ரொம்ப நாளா என்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு முழிச்சிட்டு இருக்கீங்க. கேளுங்க."

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"உனக்கு டாக்டர் ஆகணும்னு இருக்கா? இல்ல, நாங்க சொன்னோம்னு..."

அவள் சீட் பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நிதானமாக, எனக்குப் புரிய வேண்டும் என்று தமிழிலேயே சொன்னாள்.

"வேணாம்னு இருந்திருந்தா அன்னிக்கு ஊசிய வாங்கியிருப்பேன். உங்க வீடியோ நல்லா வந்திருக்கும். நீங்களும் சந்தோசமா இருந்திருப்பீங்க, மனு கெட்டு எனக்கும் தொல்லை விட்டிருக்கும். எனக்கு வேணும் டாடி. அதனாலதான் வாங்கல."

காலமெல்லாம் சந்தேகப்பட்டுப் பழகியவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. நேரான பதில் ஒன்று கிடைத்துவிட்டால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை. நான் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து, கண்ணாடி பார்த்து, தோளுக்குப் பின்னாலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, எல்லாம் சரியாகச் செய்தேன். ஹீட்டருக்காக எஞ்சின் மட்டும்தான் ஓடுகிறது, கியர் இன்னும் பார்க்கிங்கில்தான் இருக்கிறது என்று அவள்தான் சொன்னாள்.